மேற்படி பொருள்

ஜனவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் இடது காது வழக்கம்போல் ஓய்வில்தானா? வலது காதாவது ஒழுங்காக வேலைக்கு வருகிறதா?

புத்தாண்டுக்குக் கடை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையில் ‘புது வருடம், புது நீங்கள்’ என்ற கட்டுரையைப் படித்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எழ வேண்டுமாம். வெந்நீர் குடிக்க வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் முடியும்’ என்று தினம் பத்துத் தடவை சொல்ல வேண்டுமாம். நான் வேலை பார்ப்பதே மூக்குக் கண்ணாடிக் கடையில். திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. அங்கே நின்று தனியாகப் பேசினால் முதலாளியம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப் போய்விடுவார்.

அதனால் ஒரே ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறேன் அக்கா. இந்த வருடம் மூன்று அங்குலம் உயர்வது. வீட்டுக்குள் மூன்று வருடமாகப் பழகியாகிவிட்டது. இனி வெளியிலும் என்று முடிவு. உனக்குப் புரிந்தால் திட்டாதே. புரியாவிட்டால் இன்னும் நல்லது.

உன் கண் எரிச்சல் பற்றி எழுது.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 14

கட்டைத் தம்பிக்கு,

நலம். நீ நலம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மூன்று இன்ச் உயரப் போகிறாயாமே! அடப்பாவி, நாற்பத்து மூன்று வயதில் உனக்கு மாத்திரை விற்றது எவன்? பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்களே, உயரம் வளர, உடம்பு இளைக்க, முடி முளைக்க, மூன்றுக்கும் ஒரே மாத்திரை என்று. அதுதானே? உள்ளதும் போச்சுடா என்று ஆகிவிடும், இப்போதே தூக்கி எறி. குட்டையாக இருப்பதில் என்ன குறை? துணி மிச்சம். அம்மா போன பிறகு உனக்கு நான் தைத்த பேன்ட் எல்லாவற்றிலும் நீ வளர்வாய் என்று உள்மடிப்பில் இரண்டு இன்ச் கூடுதலாக விட்டேன். ஒன்றைக்கூடப் பிரிக்க வேண்டி வரவில்லை.

என் கண்தான் இப்போது பிரச்சினை. மேசையில் சாக் கோடு தெரிந்தால் சுவர்க் கடிகாரம் தெரிவதில்லை. கடிகாரம் தெரிந்தால் கோடு தெரிவதில்லை. போன வாரம் எட்டாம் வகுப்புச் சட்டை நாற்பதை ஏழாம் வகுப்பு அளவில் வெட்டிவிட்டேன். இருபது வருடக் கட்டிங் மாஸ்டர் என்று பெயர். சீருடைக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவமானமாக இருந்தது. கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இதில் வைத்திருக்கிறேன். நீயே ஒன்று செய்து அனுப்பு.

பதிலைக் கடிதமாகவே போடு. வீட்டில் இருப்பது ஒரே போன். பேசினால் எனக்குச் சரியாகக் கேட்காது. செய்தி அனுப்பினால் உன் அத்தான் வானொலிச் செய்தி மாதிரி தெருவுக்கே வாசிப்பார். கடிதம் என்றால் அடுத்தவர் தபால் என்று தொடக்கூட மாட்டார்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கண்ணாடி பைஃபோகல், இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. முதல் இரண்டு நாள் தரை குழிந்த மாதிரி இருக்கும். படி இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து பார். பழகிவிடும்.

இப்போது இன்னொரு விஷயம். மாத்திரை எல்லாம் இல்லை. கூட ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு மீதியைப் படி.

பார்த்தாயா? என் கால்தான். ஹை ஹீல்ஸ், மூன்று அங்குலம், அடர்சிவப்பு, கணுக்காலில் வார். மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் பழைய இருப்பைக் கழித்துக்கட்டியபோது என் அளவில் ஒரு ஜோடி கிடந்தது. ‘வீட்டம்மாவுக்கா சார்?’ என்று கடைப் பையன் கேட்டான். ஆமாம் என்றேன். இல்லாத வீட்டம்மாவுக்கு வாங்கி வந்தேன்.

உயரத்துக்காக இல்லை அக்கா. அதைப் போட்டால் என் முதுகு தானாக நேராகிறது. நடக்கும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வருகிறது பார், ஒரு ஆள் வருகிறான் என்பது மாதிரி. கடையில் நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வீட்டில், கூடத்திலிருந்து சமையலறைக்கு அந்தச் சத்தத்தோடு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். தாகம் இல்லாவிட்டாலும் போவேன்.

ஒன்றும் கஷ்டமில்லை. முதலில் குதிகால், அப்புறம் விரல். சின்ன அடி. முக்கியமானது, கீழே பார்க்கவே கூடாது. தலை நிமிர்ந்து எதிரே பார்க்க வேண்டும்.

மார்ச் முடிவதற்குள் இதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கடைக்கு நடப்பது. அதுதான் தீர்மானம். சாதாரணச் செருப்பில் அறுநூற்று நாற்பது அடி, எண்ணி வைத்திருக்கிறேன். தெருவில் எவன் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். நீ ஒரு ‘சீ’ சொன்னால் தாங்க மாட்டேன். நீ சொல்லிவிட்டால் கழற்றிவிடுவேன், அப்புறம் தொட மாட்டேன். அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன். அத்தானுக்கும் தெரிய வேண்டாம்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பார்சல் வந்ததா? கண்ணாடி சரியாக உட்கார்ந்ததா? மூக்கில் அழுத்தினால் சொல், சரிசெய்யலாம்.

மற்ற விஷயத்துக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி


மார்ச் 12

அன்புடையீர்,

பொருள்: தாங்கள் அனுப்பிய பொருள் தொடர்பாக.
பார்வை: தங்கள் பிப்ரவரி முதல் தேதிப் பார்சல்.

பார்வையில் கண்ட பார்சல் வரப்பெற்றது. அதிலிருந்த மேற்படி பொருளால் இந்த வீட்டில் என்ன நேர்ந்தது என்பது தங்களுக்குத் தெரியாது. தெரிவிக்கக் கூடாது என்று தங்கள் அக்காவின் உத்தரவு. அவள் தற்சமயம் கடிதம் எழுதும் நிலையில் இல்லை.

தங்களை விவரம் தெரிந்தவர் என்று நம்பியிருந்தேன். ஐம்பது வயதுப் பெண்மணி இதைத் தாங்குவாளா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? மேற்படி பொருளை நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. இனி இம்மாதிரிப் பொருள் எதையும் இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

மற்றபடி அனைவரும் நலம்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் கடிதம் கிடைத்தது. அவர் வேலை பார்க்கும் குடிநீர் வாரிய அலுவலகத்துக் கடிதம் மாதிரியே இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் என்னைத் ‘தாங்கள்’ என்று அவர் எழுதியது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

படத்தை அவரிடம் காட்டியதற்காக உன்மேல் கோபமில்லை. எழுதவே முடியாத நிலைக்கு உன்னைக் கொண்டுவிட்டேனே என்றுதான் இருக்கிறது. நீ ‘சீ’ என்றுகூடச் சொல்லவில்லை. அதுவே பெரிய மனது.

செருப்பைப் பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, பரணில் ஏற்றிவிட்டேன். ஏற்றும்போது அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. படத்தைக் கிழித்துவிடச் சொல். என் தீர்மானம் மார்ச் மாதம் வரைக்கும் வந்ததே பெரிது. வெந்நீர் குடிக்கிறவன் ஜனவரி பத்தாம் தேதியே விட்டிருப்பான்.

நீ பழையபடி எழுதினால் போதும். என்ன வேண்டுமானாலும் எழுது. மழை பெய்தது என்று எழுது.

தம்பி


மார்ச் 27

தம்பி

இது இடது கை. வலது கை மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு.

அத்தான் பூட்டியது கண்ணாடியை. கண்ணாடியைடா மடையா. படம் என் தையல் பெட்டிக்குள் இருக்கிறது. அவர் பார்க்கவே இல்லை.

பரணிலிருந்து இறக்கு.

கை வலிக்கிறது. மீதி பிறகு.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி விழுந்தாய்? எங்கே விழுந்தாய்? இப்போது வலிக்கிறதா? ராத்திரி தூங்க முடிகிறதா? கட்டு எப்போது பிரிப்பார்கள்? உன் கை உடைந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் அக்கா, இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? கோழி கிறுக்கின மாதிரி இருந்த அந்தக் கடிதத்தை மாடிப்படியில் நின்றபடியே படித்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரர், “என்னங்க, ஏதாவது கெட்ட செய்தியா?” என்று ஓடி வந்தார். “இல்லீங்க, எங்க அக்காவுக்குக் கை உடைஞ்சிருச்சு” என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். மனுஷன் இரண்டு படி பின்னால் போய்விட்டார்.

நேற்றுக் காலை நடந்தேன்.

அறுநூற்று நாற்பது அல்ல, எண்ணூற்றுப் பன்னிரண்டு அடி. ஹீல்ஸில் அடி சின்னதாகிவிடுகிறது, அந்தக் கணக்கை நான் போடவில்லை. முதல் நூறு அடிக்கு எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, என் இதயம்தான் டக் டக் என்றதா, செருப்பா என்றுகூடத் தெரியவில்லை. மருந்துக் கடை வாசலில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். காது சூடாகிவிட்டது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, ‘மடையா’ என்று நீ எழுதியதை நினைத்துக்கொண்டே நடந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். “எப்படிங்க இதுல நிக்கிறீங்க? எனக்கு அரை மணி நேரம் தாங்காது” என்றார்.

முதலாளியம்மா கடையில் தலை முதல் கால் வரை பார்த்தார். கால் முதல் தலை வரை திரும்பப் பார்த்தார். நான் என் நாற்காலியைக் காலி பண்ணத் தயாராகிவிட்டேன். அவர் சாவகாசமாகப் பேனாவை மூடிவிட்டு, “அப்போ மேல் தட்டுக்கு இனிமே ஏணி வேண்டாம்னு சொல்லு” என்றார். அவ்வளவுதான் அக்கா. அப்புறம் நாள் முழுக்க வியாபாரம்.

சாயங்காலம் பாதத்தில் இரண்டு கொப்புளம். நீ விவரமாக எழுது.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

வலது கையாலேயே எழுதுகிறேன். கட்டுப் பிரித்து நாலு வாரம் ஆகிறது. கத்தரியைப் பிடிக்க முடிகிறது, தடித்த துணிக்கு மட்டும் இன்னும் பலம் வரவில்லை. நீ கடையில் நின்ற கதையை நான்கு தடவை படித்தேன். உங்கள் முதலாளியம்மா தங்கமானவர்.

இப்போது என் கதை. சிரித்தால் அடுத்த கடிதம் வராது.

உன் படத்தைப் பார்த்ததும் ‘சீ’ என்று தோன்றவில்லை. ஆனால் ‘சரி தம்பி, உன் இஷ்டம்’ என்று உடனே எழுதவும் மனசு வரவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சரி என்று எப்படிச் சொல்வது? துணியைத் தொட்டுப் பார்க்காமல் நான் விலை சொன்னதுண்டா? அதனால் எங்கள் கடையில் பொத்தான் வைக்கும் பெண்ணிடம் அவளுடைய ஹீல்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தேன். உன் அத்தான் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, உன் கடிதத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நீ அனுப்பிய பைஃபோகலை மாட்டிக்கொண்டு, ஹீல்ஸைப் போட்டுக்கொண்டு கூடத்து மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்றேன். கண்ணாடிக்குத் தலையைக் குனி என்று எழுதியிருந்தாய். செருப்புக்குத் தலையை நிமிர்த்து என்று எழுதியிருந்தாய். ஒரே தாளில்! நான் இரண்டையும் செய்தேன்.

மூன்று படி. அதற்குமேல் உருள இடமில்லை, சுவர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கடைத்தெருவிலிருந்து திரும்பிய அவர் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வருவதற்குள் ஹீல்ஸைக் கழற்றிச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உடைந்த கையோடு! “எப்படி விழுந்தே?” என்றார். உன் விஷயத்தை எப்படிச் சொல்வேன்? “புதுக் கண்ணாடி, படி சரியாத் தெரியல” என்றேன். பழி கண்ணாடிமேல் போய்விட்டது. உனக்குச் சொன்னால் பதறுவாய் என்று, விழுந்ததை எழுதக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன். அவர் மேற்படி, கீழ்ப்படி என்று உனக்கு எழுதிய விஷயம் உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். படித்துவிட்டுப் பயந்துபோனேன். நீ பெட்டியைப் பரணில் ஏற்றினதை என்னால் தாங்க முடியவில்லை தம்பி. அதனால்தான் இடது கை.

இப்போது பாக்கி ஒன்று இருக்கிறது. கண்ணாடி இன்னும் அலமாரியில். சாவி அவர் இடுப்பில். எனக்குக் கோடு தெரியவில்லை, போன வாரம் மறுபடியும் ஒரு காலர் கோணலாகிவிட்டது. கண்ணாடியை வெளியே எடுக்க வேண்டும் என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும். அது உன் விஷயம், நீ சொல்லச் சொன்னால்தான் சொல்வேன். இல்லாவிட்டால் பழைய கண்ணாடியிலேயே ஓட்டிக்கொள்கிறேன், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அப்புறம், அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஒரே ஒரு கோபம்தான். செருப்புமேல் இல்லை, பேன்ட்மேல். கணுக்காலுக்குமேல் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, வெள்ளத்தில் நடக்கிறவன் மாதிரி! கட்டிங் மாஸ்டர் தம்பி என்று வெளியே சொல்லிவிடாதே. அளவு எடுத்து அனுப்பு. செருப்பைப் போட்டுக்கொண்டு எடு.

அன்புடன்,
அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன். மன்னித்துவிடு. அப்புறம் நீ சோபாவுக்கு அடியில் ஹீல்ஸைத் தள்ளிய இடத்தைப் படித்து அழுதேன்.

மூன்று நாள் யோசித்தேன். தெருவில் நடந்தாகிவிட்டது, கடையில் ஒரு மாதமாக நிற்கிறேன். ஆனால் அத்தான் மறுபடியும் ‘தாங்கள்’ என்று எழுதுவாரோ என்ற பயம் இருக்கிறது. பரவாயில்லை. நீ கோடு தெரியாமல் வெட்டிக்கொண்டிருக்க நான் ஒளிந்துகொண்டிருப்பது நன்றாகவா இருக்கிறது?

சொல்லிவிடு.

இடுப்பு முப்பத்து நாலு. நீளம் வெறும் காலில் முப்பத்தேழு, செருப்போடு நாற்பது.

தம்பி


மே 21

அன்புள்ள மச்சானுக்கு,

பொருள்: மேற்படி பொருளை விடுவித்தல், மற்றும் மன்னிப்பு.
பார்வை: உன் அக்காவுக்கு இப்போது நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா என்னை உட்கார வைத்து, படத்தை மேசைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொல்ல மாட்டேன் மச்சான், முதலில் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அவள் வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

எழுந்து போய் என் ஆபீஸ் ஷூவைக் கொண்டு வந்தேன். உள்ளேயிருந்து ரப்பர்த் துண்டை எடுத்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றரை அங்குலம். கல்யாணப் போட்டோவில் அவளைவிட உயரமாகத் தெரிய வேண்டும் என்று வைத்தது, அப்புறம் எடுக்கத் தைரியம் வரவில்லை. “இருபத்தாறு வருஷமா நான் உள்ளே வெச்சு நடக்கறேன். அவன் வெளியே வெச்சு நடக்கறான். அவ்வளவுதானே?” என்றேன்.

உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? “எனக்குத் தெரியாதா? தினம் ஷூவைத் துடைக்கிறது யாரு?” என்றாள். இருபத்தாறு வருடமாகத் தெரியுமாம்! ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்கள் குடும்பத்துக்கே ரகசியம் காப்பதுதான் வேலையா?

கண்ணாடி அன்றைக்கே விடுவிக்கப்பட்டது. உன்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். ஆகஸ்டில் இருவரும் உன் ஊருக்கு வருகிறோம். எங்களை அழைக்க பஸ் ஸ்டாண்டுக்கு வா. நீ எப்போதும் வருகிற மாதிரியே வா.

அன்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: கொப்புளத்துக்குப் பஞ்சு வை. எனக்கு அனுபவம் உண்டு.


ஜூன் 5

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கொப்புளம் ஆறியதா?

பார்சலில் இரண்டு பேன்ட் இருக்கிறது, ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே வெட்டினேன். கோடும் தெரிந்தது, கடிகாரமும் தெரிந்தது. முன்பக்கம் பாதத்தில் உட்காரும், பின்பக்கம் அரை இன்ச் இறக்கி வெட்டியிருக்கிறேன், அப்போதுதான் ஹீல்ஸ்மேல் சுருக்கம் இல்லாமல் விழும். போட்டுக்கொண்டு முதலாளியம்மாவிடம் காட்டு, யார் வெட்டியது என்று கேட்டால் சொல்.

சின்ன வயதில் நீ பூனை மாதிரி வந்து என் இடது பக்கம் நிற்பாய். நீ நிற்பதே தெரியாமல் நான் திரும்பிப் பதறுவேன். எத்தனை தடவை அதற்கு அடி வாங்கியிருக்கிறாய்! ஆகஸ்டில் வரும்போது வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டே நட. நீ வருவது எனக்குக் கேட்கட்டும்.

கட்டை என்று இனி கூப்பிடலாமா வேண்டாமா என்று நீயே சொல். உன் அத்தான் ஒன்றரை அங்குலத்தை எடுத்துவிட்டார், இப்போது எனக்கு நெற்றி வரைக்கும்தான் இருக்கிறார். அந்தப் பெயரை அவருக்கு மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பேன்டின் உள்மடிப்பில் ஒரு இன்ச் கூடுதலாக விட்டிருக்கிறேன். அடுத்த வருடம் நாலு இன்ச் வாங்கினால் பிரித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா